விழுங்கும் திறனை மீட்போம்

(ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஆற்றிய உரை)



1954ஆம் ஆண்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் அரிய முயற்சியால் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. புகையிலையால் வாயிலும் தொண்டையிலும் புற்றுநோய் கண்ட கிராம மக்கள் பலர் அங்கே சென்று உயிர் பிழைத்துத் திரும்பியுள்ளனர். ஆயினும், நோய் நீங்கிய பின்னும் சிலருக்கு ஒரு வாய்க் கஞ்சியை விழுங்குவது பெரும்பாடாக இருக்கிறது. கதிர்வீச்சுச் சிகிச்சையால் தொண்டைத் தசைகள் இறுகிவிடுவது இதற்கு ஒரு காரணம். பக்கவாதம் கண்டோருக்கும் இத்துன்பம் உண்டு.

இத்தகையோருக்கு நாம் செய்வது என்ன? படுத்தபடியே வாயில் கஞ்சியை ஊற்றுகிறோம். அது மூச்சுக் குழாயில் இறங்கினால் நிமோனியா வந்து உயிருக்கே ஆபத்தாகும். சிலருக்கு இருமலின்றியே இறங்கிவிடும். அல்லது, மூக்கில் குழாய் பொருத்தியாயிற்று என்று வாயை அடியோடு மறந்துவிடுகிறோம். இரண்டும் தவறு.

குழாயும், கெட்டியாக்கிய நீருமே போதும் என்ற பழைய எண்ணம் இன்று மாறிவருகிறது. கெட்டியாக்கிய நீரை விரும்பாமல் பலர் பருகுவதையே குறைத்து, உடல் வறண்டுபோகின்றனர். உழாத நிலம் இறுகுவதுபோல் விழுங்காத தொண்டையும் வலுவிழக்கும். ஆகவே, கதிர்வீச்சு தொடங்கும்போதே விழுங்கும் பயிற்சியும் தொடங்கவேண்டும். மருத்துவர் தடுக்காதவரை வாயால் உண்பதை விட்டுவிடலாகாது.

கஞ்சியா, கூழா, களியா, எது ஏற்றது என்பது ஆளுக்கு ஆள் மாறுபடும். பேச்சு, விழுங்குதல் பயிற்சி வல்லுநர் சோதித்துச் சொல்லவேண்டியது அது. வீட்டார் செய்யவேண்டியவை எளியவை: நிமிர்த்தி உட்காரவைத்துச் சிறு கரண்டியால் நிதானமாக ஊட்டுக; ஒரு வாய் இறங்கிய பின்னரே மறுவாய் தருக; உண்டபின் அரைமணி நேரம் படுக்கவிடாதீர்; நாள்தோறும் வாயைத் துப்புரவு செய்க. வாயிலுள்ள அழுக்கு நுரையீரலில் இறங்குவதே நிமோனியாவுக்குப் பெருங்காரணமாகிறது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் நோய்த் தணிப்புச் சிகிச்சையும் வீடு தேடி வருகின்றன. பஞ்சாயத்து உறுப்பினர்களே! உங்கள் வார்டில் விழுங்க இயலாதோர் எவரெவர் என்று கணக்கெடுங்கள். வரும் ஊழியரிடம் அவர்களைக் காட்டுங்கள். பெரிய மருத்துவமனையில் சோதிக்க வேண்டியவர்களுக்கு வண்டி வசதி செய்து கொடுங்கள்.

மூலையில் தனித்துக் கிடக்கும் பெரியவர் மீண்டும் குடும்பத்தாருடன் அமர்ந்து ஒரு வாய் உண்ணவேண்டும். அதுவே உண்மையான மறுவாழ்வு.