முரணா, சீரின்மையா?



கணக்கு வகுப்பில் 'இன்கன்சிஸ்டென்ட்' என்று எழுதி நாம் எல்லோரும் மார்க் வாங்கியிருக்கிறோம். இரண்டு எண்களின் கூட்டுத்தொகை 5 என்கிறது ஒரு சமன்பாடு. அதே இரண்டின் கூட்டுத்தொகை 7 என்கிறது இன்னொன்று. விடையே கிடையாது. இது முரண்பாடு. ஒரு மேட்சில் சதம், அடுத்த மூன்றில் டக் அவுட் ஆகிறவரையும் அதே சொல்லால்தான் திட்டுகிறோம். அது முரண்பாடு இல்லை, சீரின்மை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். அந்தச் சொல்லால் நான் ஒரு மனிதரின் வயிற்றில் அடித்திருக்கிறேன்.

திருமழிசை தொழிற்பேட்டையில், ஒரு லேத் பட்டறையில் எனக்கு வேலை. ஒரு நாள் 40 புஷ் திரும்பி வந்துவிட்டன. வெளிவிட்டம் 25.00 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், 0.02 கூடலாம், குறையலாம். வந்ததோ 25.05. ரிப்போர்ட்டில் டர்னரின் வேலை 'இன்கன்சிஸ்டென்ட்' என்று எழிதாக எழுதிவிட்டேன். அந்த மாத இன்சென்டிவ் போயிற்று.

அவர் சத்தம் போடவில்லை. "சார், நாப்பது பீஸையும் நீங்களே அளந்து பாருங்க. ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் இருக்கா?" என்றார். மைக்ரோமீட்டரை எடுத்து அளந்தேன். எல்லாம் 25.05, மிஞ்சினால் 25.06. அத்தனை சீர்! பிறகு அவருடைய மெஷின் பக்கத்தில் ஒட்டியிருந்த டிராயிங்கைப் பார்த்தேன். அதில் 25.05 என்றே இருந்தது. திருத்திய டிராயிங் என் மேஜையில். பழையதைக் கிழித்துப் போட வேண்டியவன் நான்தான்.

திருமழிசை என்றால் ஆழ்வார் கதை வராமல் இருக்குமா? சீடன் கணிகண்ணனை மன்னன் நாடு கடத்த, ஆழ்வாரும் கிளம்பினாராம். அவர் சொல்லுக்குப் பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போனார். திரும்பி வந்து விரிக்கச் சொன்னதும் விரித்துப் படுத்தார். காஞ்சி திருவெஃகாவில் அவர் பெயரே சொன்னவண்ணம் செய்த பெருமாள். மற்றக் கோயில்களுக்கு மாறாகப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். சீர் பார்ப்பவன் அதைக் குற்றம் என்பான். சொல்லுக்கும் செய்கைக்கும் முரண் எங்கே இருக்கிறது?

எங்கள் டர்னரும் சொன்னவண்ணம் செய்தவர்தான். முரண் இருந்தது இரண்டு டிராயிங்குக்கும் நடுவில்.

ரிப்போர்ட்டைத் திருத்தி, என் பெயரை எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதம் அவர் பணம் வந்தது. இன்றும் புது வேலை கொடுத்தால் முதலில் கேட்கிறார்: "ஒரே டிராயிங்தானே சார்?"