கை நுழையாத இடத்துக்கு எந்த ராட்செட்?

பெக்டரியில் ரோலருக்கு அடியிலும் டிரையர் செயின் பக்கத்திலும் நட்டைக் கழற்றும்போது தோல் உரிவது நம் விரல்தான். அங்கே பிடியை வீசித் திருப்ப இடமேது? ஆகவே பிடி குட்டையா என்று மட்டும் பார்த்தால் போதாது, உள்ளே எத்தனை பல் என்று கேட்போம். 24 பல் ராட்செட்டை ஒவ்வொரு தடவையும் 15 பாகையாவது திருப்ப வேண்டும். 72 பல்லுக்கு 5 பாகை போதும். தலையும் மெல்லியதாக இருக்கட்டும்.

பழைய பிரிட்டிஷ் மெஷின் என்றால் விட்வர்த் சொக்கட்டும் வேண்டும். மில்லிமீட்டர் சொக்கட் நட்டின் மூலையை மழுக்கிவிடும். இறுகிய நட்டை முதலில் ரிங் ஸ்பானரால் இளக்குவோம். குட்டை ராட்செட்டில் பைப் மாட்டினால் பல் உடையும், கை போய் இரும்பில் மோதும். எல்லாவற்றுக்கும் முன்னால் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியை நம் பையில் வைப்போம்.

இதை நம் சம்பளத்தில் வாங்கக் கூடாது. தோட்டக் கமிட்டி நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்கும். நட் அளவுகளைக் குறித்துத் தாருங்கள்.