பொதுக் காட்டில் வேட்டையாடுவோரின் ஜாக்கிரதையும் மரியாதையும்

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று விளையாட்டாக வேட்டையாடுவதற்கு நம் தேசத்தில் இடமில்லை. ஆகையால் துப்பாக்கி எடுத்துக்கொண்டு காட்டுக்குச் செல்லும்படி உங்களுக்கு யோசனை சொல்ல நான் வரவில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பகுதியிலுள்ள மலைகளில், எந்தத் தனி மனிதருக்கும் சொந்தமல்லாத காட்டிலே, முன்பின் அறியாத மனிதர்கள் கையில் கொலைக் கருவியோடு ஒரே காலத்தில் புகுகிறார்கள். அவர்கள் ஒருவர் உயிருக்கு ஒருவர் அபாயம் விளைவிக்காமலும், ஒருவர் காரியத்தை ஒருவர் கெடுக்காமலும் வீடு திரும்புவது எங்ஙனம் என்பதையே சொல்லப்போகிறேன். ஏரித் தண்ணீர், மேய்ச்சல் தரை முதலிய பொதுச் சொத்துக்களைப்பற்றிய வழக்குகளைக் கண்டு பழகிய உங்களுக்கு இது முற்றிலும் அந்நியமான விஷயமாயிராது.

அந்நாட்டில் தேசியக் காடுகள் என்ற பெயரால் ஏறக்குறைய 19.3 கோடி ஏக்கர் நிலம் சர்க்கார் வசம் இருக்கிறது. அதைப் பரிபாலிக்கும் வன ஸ்தாபனம் 1905-ஆம் ஆண்டில் விவசாய இலாகாவின்கீழ் ஏற்பட்டது. மரம் வெட்டுவோரும், அநுமதி பெற்று மாடு மேய்ப்போரும், வேடிக்கை பார்க்க நடந்து செல்வோரும், வேட்டையாடுவோரும் அக்காட்டைப் பொதுவில் அநுபவிக்கின்றனர். அங்கே வேட்டையாடுவோர் முக்கியமாகத் தேடுவது எல்க் என்னும் பெரு மான். நம் மலைகளிலுள்ள மிளாவுக்கு அது உறவு. வளர்ந்த ஆண் 700 இராத்தல் நிறையிருக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் குறைந்துபோயிருந்த அவ்வினம் இப்பொழுது பத்து லட்சம் அளவுக்குப் பெருகியிருக்கிறது. 1937-ஆம் ஆண்டின் சட்டப்படி வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் நூற்றுக்கு 11 வீதம் வரி விதித்து, அப்பணத்தை வனப் பிராணிகளின் அபிவிருத்திக்கே செலவிட்டு வருவது இதற்கு ஒரு காரணம். சுடுகிறவனே வளர்ப்பதற்கும் பணம் கொடுக்கிறான். இந்த ஏற்பாட்டை நாம் எவ்விதம் மதித்தாலும், கணக்கு நேராயிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

மிருகம் பெருகியதுபோலவே வேட்டையாடுவோரும் மிகுந்திருக்கிறார்கள். துப்பாக்கிப் பருவம் என்பதோ சில நாட்களே. ஆதலால் காடு எவ்வளவு விசாலமாயிருப்பினும், தண்ணீரும் புல்லும் உள்ள பள்ளத்தாக்குகளில் பலரும் ஒருங்கே கூடிவிடுகின்றனர். அபாயம் அங்கேதான் பிறக்கிறது.

காட்டில் மனிதனை மனிதன் சுடுவது பெரும்பாலும் பகையினால் அன்று, ஆவலினால். விடியற்காலையிலோ அந்தி வேளையிலோ, நெடு நேரம் காத்திருந்த கண்ணுக்குப் புதரின் அசைவு மானாகத் தோன்றும். பழுப்பு நிறக் கம்பளி மானின் விலாவாகத் தோன்றும். மனம் எதை விரும்பியதோ அதைக் கண் காட்டிவிடுகிறது. 1988-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், அந்நாட்டின் வடகிழக்கு மூலையிலுள்ள மெயின் ராஜ்யத்தில், தன் வீட்டுக் கொல்லையில் நின்றிருந்த ஒரு ஸ்திரீ மான் வேட்டையாடிய ஒருவனுடைய குண்டுக்கு இரையானாள். அவள் கையில் வெள்ளைக் கையுறை அணிந்திருந்தாள். அப்பிரதேசத்து மான் ஓடும்போது வாலை உயர்த்தும். வாலின் அடிப்புறம் வெண்மையாயிருக்கும். தான் கண்டது மானென்றே சுட்டவன் சொன்னான். 1990-ஆம் ஆண்டில் ஜூரிகள் அவனைக் குற்றவாளியல்லவென்று விடுவித்தனர். வேட்டைக் காலத்தில் அவள் வெள்ளை அணிந்து வெளியே வந்ததே பிசகு என்று பேசியவர்களும் இருந்தனர். தன் வீட்டுக் கொல்லையில் நின்றவள்மேல் பழி சுமத்தும் அந்த நியாயத்தைக் கேட்டுப் பலர் மனம் கொதித்தனர். 1991-ஆம் ஆண்டில் அந்த ராஜ்யத்தார் ஒரு சட்டம் செய்தனர். குறி இன்ன பிராணியென்று அந்த நிமிஷத்தில் நிச்சயமாக அறியாமல் சுடுவது குற்றம் என்பதே அதன் சாரம். பார்த்து அறியவேண்டிய கடமை சுடுகிறவனுடையது. பார்க்கப்படுகிறவனுடையது அன்று என்பது அதனால் ஸ்தாபிதமாயிற்று.

ஆயினும் பார்க்கப்படுகிறவனும் தன்னைக் காட்டிக்கொள்வது புத்திசாலித்தனம். கொலராடோ ராஜ்யத்தில் துப்பாக்கிப் பருவத்தில் பெரிய மிருக வேட்டைக்குச் செல்வோர், இடுப்புக்கு மேலே 500 சதுர அங்குலத்துக்குக் குறையாத பளிச்சென்ற ஆரஞ்சு நிற உடையும், எப்பக்கமிருந்து பார்த்தாலும் தெரியும்படி அந்நிறத் தொப்பியும் அணியவேண்டும். 2016-ஆம் ஆண்டிலிருந்து கண்ணைப் பறிக்கும் ரோஜா நிறமும் அநுமதிக்கப்படுகிறது. இவ்வளவு பளபளப்பான சட்டையைக் கண்டால் மான் ஓடிவிடாதோ என்று நீங்கள் கேட்கலாம். மானின் கண்ணுக்குச் சிவப்பையும் ஆரஞ்சையும் நம்மைப்போல் பிரித்தறியும் சக்தி இல்லை. மனிதனுக்கு நெருப்புப்போல் தெரிகிற நிறம் மானுக்கு மங்கலாகவே தோன்றும். அசையாமலிருப்பதும், காற்று வீசும் திசை அறிந்து நிற்பதுமே மானுக்கு மறைவு.

சத்தத்தினால் வரும் மோசம் வேறு. எல்க் மானின் ஆண், செப்டம்பர் மாதத்தில் சங்கு ஊதுவதுபோலக் கூவும். வேட்டையாடுவோர் குழல் ஊதி அக்கூவலைப் போலவே செய்து அதை அருகே வரவழைப்பர். ஒரு சரிவில் ஒருவன் ஊத, மறு சரிவில் மற்றொருவன் அதை மெய்யென நம்பி மறுமொழி ஊத, இரண்டு மனிதர்கள் ஒருவரையொருவர் பதுங்கிப் பதுங்கி அணுகுவது அங்கே புதிதன்று. கேட்பதற்கு நகைப்பாயிருக்கிறது. ஆனால் இருவர் கையிலும் ஆயுதம் இருக்கிறதே! வான்கோழி வேட்டையில் இந்த அபாயம் இன்னும் அதிகம். ஆண் வான்கோழியின் தலை சிவப்பும் வெள்ளையும் நீலமும் கலந்தது. ஆகையால் அந்நிறங்களில் ஒரு கைக்குட்டையும் வைத்துக்கொள்ளலாகாது என்று பழகியவர்கள் எச்சரிக்கின்றனர். மரத்தடியில் உட்கார்ந்திருக்கும்போது வேறொருவன் நெருங்குவதைக் கண்டால் கையை அசைக்கக்கூடாது, சீட்டியடிக்கவும் கூடாது. அசைவும் சீட்டியும் பட்சியென்று எண்ணச் செய்யும். இருந்தவிடத்தில் இருந்தபடியே, மனிதக் குரலில் உரக்கக் கூப்பிடவேண்டும். அன்றைய வேட்டை கெட்டுப்போகுமே என்று வாய்மூடியிருப்பவனைவிட அறிவீனன் வேறொருவன் இல்லை.

துப்பாக்கியைப்பற்றி அங்குள்ள பாடசாலைகளில் கற்பிக்கும் விதிகள் சிலவே. எந்தத் துப்பாக்கியையும் மருந்து நிரம்பியதாகவே பாவிக்கவேண்டும். அதன் வாய் எக்காலத்தும் பத்திரமான திசையிலேயே இருக்கவேண்டும். சுடத் தீர்மானிக்கும்வரை விரல் விசையைத் தொடலாகாது. குறியை மாத்திரமல்ல, குறிக்குப் பின்னால் இருப்பதையும் அறியவேண்டும் என்பது மற்றொன்று. இந்தக் கடைசி விதியைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். பெரிய துப்பாக்கியின் குண்டு சாய்வாக மேல் நோக்கிப் போனால் மூன்று மைல் செல்லக்கூடும். சிறு பையன்கள் பழகும் சின்னத் துப்பாக்கிக் குண்டுகூட ஒரு மைலைத் தாண்டும். மலைமுகட்டில் வானத்தைப் பின்னணியாகக் கொண்டு நிற்கும் மான் எவ்வளவு அழகாயிருந்தாலும் அதைச் சுடலாகாது. முகட்டுக்கு அப்பால் ஒருவன் அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கலாம். பின்னே மண்மேடு இருந்தால் குண்டை மண் ஏற்றுக்கொள்ளும். தேசியக் காடுகளில் வீடு, கூடாரமிடும் இடம், ஜனங்கள் இருக்கும் இடம் இவற்றிற்கு 150 கஜத்துக்குள் சுடுவதும், பாதைக்கோ நீர்நிலைக்கோ குறுக்காகச் சுடுவதும் சர்க்கார் விதிப்படி குற்றம்.

தூரத்தில் தெரிவது என்னவென்று பார்ப்பதற்குத் துப்பாக்கியின்மேல் பொருத்திய கண்ணாடியை உபயோகிப்பவர் உண்டு. இது மகா பாதகம் என்பேன். கண்ணாடி நோக்கும் இடத்தைத் துப்பாக்கியின் வாயும் நோக்குகிறது. எதிர்ச்சரிவில் இருப்பது மனிதனாயின், அவன் நெஞ்சுக்கு நேராகவே குறி வைத்தாயிற்று. இதற்கென்று கழுத்தில் பைனாகுலர் என்னும் தூரதிருஷ்டிக் கண்ணாடியைத் தனியே தொங்கவிட்டுக்கொள்ளவேண்டும்.

இவற்றைக் கற்றுத் தேறியதற்குச் சான்று காட்டாதவர்களுக்கு லைசென்ஸ் கொடுக்கலாகாது என்ற கட்டாயத்தை முதலில் ஏற்படுத்தியது நியூயார்க் ராஜ்யம். அது 1949-ஆம் ஆண்டில். கொலராடோவில் அவ்வாண்டு ஜனவரி 1-ந் தேதியிலும் அதற்குப் பிறகும் பிறந்தவர் யாவரும் இப்பயிற்சியைப் பெற்றாகவேண்டும்.

இனி மரியாதையைப்பற்றிச் சொல்லுகிறேன். சட்டம் சொல்லாமல் விட்ட இடத்தில்தான் மரியாதைக்கு வேலை. இருட்டு நீங்குமுன் காட்டுப் பாதையின் தலைப்பில் வந்து சேருகிறவன், அங்கே முன்னமே ஒரு வண்டி நிற்பதைக் கண்டால், அந்தப் பள்ளத்தாக்குக்கு ஒருவன் போயிருக்கிறான் என்று அறிந்து, தான் உத்தேசித்திருந்த இரண்டாவது இடத்துக்குப் போவது முறை. இரண்டாவது இடம் ஒன்றை யோசித்து வைத்திராமல் வருகிறவன்தான் பெரும்பாலும் சண்டையிடுகிறான். வண்டியைப் பாதையின் நடுவில் நிறுத்தினால், பின்னால் குதிரைகளை ஏற்றிக்கொண்டு வருகிறவர் திரும்ப வழியிராது. வழியில் மற்றொருவனைச் சந்தித்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகலாகாது. நின்று, மெல்லிய குரலில், “நான் கிழக்குச் சரிவுக்குப் போகிறேன்; தாங்கள் எங்கே?” என்று கேட்டுத் தெரிந்துகொண்டால், இருவருக்கும் வேட்டை கிடைக்கும், இருவருக்கும் உயிரும் மிஞ்சும். தன் இரகசிய இடத்தைச் சொல்ல மனம் வராதவர்கள் திசையையாவது சொல்லவேண்டும். ஒருவன் உட்கார்ந்து காவல் காக்கும் இடத்தைக் கண்டுவிட்டால், அவனுக்கும் அவன் நோக்கும் வெளிக்கும் நடுவே போகாமல் பின்புறமாகச் சுற்றிப் போகவேண்டும். மேய்ச்சல்காரர்கள் போட்ட வேலிக்கதவு திறந்திருந்தால் திறந்தபடியும், மூடியிருந்தால் மூடியபடியும் விட்டுப்போகவேண்டும். மாடுகளுக்குத் தண்ணீர் இருக்கும் பக்கம் எது என்பது மாட்டுக்காரனுக்குத் தெரியும். வேட்டையாட வந்தவனுக்குத் தெரியாது.

ஒருவன் காயப்படுத்திய மிருகம் ஓடி மற்றொருவன் முன் வந்து விழுந்தால் யாருக்குச் சொந்தம்? பொதுக் காட்டில் இதைவிடப் பழைய தகராறு இல்லை. பிராணாந்தமான காயத்தை முதலில் உண்டாக்கினவனுக்கே அது சேரும் என்பது வேட்டையாடுவோர் வழக்கம். நீதிஸ்தலம் இதுபோன்ற ஒரு வழக்கை 1805-ஆம் ஆண்டில் விசாரித்திருக்கிறது. நியூயார்க் ராஜ்யத்தில், யாரும் குடியில்லாத வெளியில், போஸ்ட் என்பவர் நாய்களை விட்டு ஒரு நரியைத் துரத்திக்கொண்டிருந்தார். அதைக் கண்டிருந்தும் பியர்ஸன் என்பவர் நடுவில் புகுந்து நரியைக் கொன்று எடுத்துப்போனார். வழக்கு மேல்கோர்ட்டுவரை சென்றது. துரத்தியதனால் மாத்திரம் சொத்துரிமை உண்டாகாது என்று தீர்ப்பாயிற்று, நரி பியர்ஸனுக்கே. பியர்ஸன் செய்தது மரியாதையல்ல என்பதைக் கோர்ட்டார் மறுக்கவில்லை. ஆனால் மரியாதைக் குறைவுக்குச் சட்டத்தில் பரிகாரமில்லை. லிவிங்ஸ்டன் என்ற நீதிபதி மாத்திரம் வேறு அபிப்பிராயம் எழுதினார். இத்தகைய விவகாரத்தை வேட்டையாடுவோரின் மத்தியஸ்தத்துக்கே விட்டிருக்கவேண்டும் என்றார் அவர். சங்கத்து விவகாரங்களை மத்தியஸ்தர்முன் தீர்த்துக்கொள்ளும் நீங்கள் அவர் பக்கமே சேருவீர்கள் என்று நினைக்கிறேன். இன்றும் அநுபவசாலிகள், மிருகம் யாருடையது என்று சந்தேகம் வந்தால் எதிரிக்கு விட்டுக்கொடுத்துவிடுவர். கையில் துப்பாக்கியோடு நின்று வழக்காடுவது எப்படி முடியும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மிருகம் விழுந்த பின்னும் ஜாக்கிரதை தேவை. எல்க் இறைச்சியைத் துண்டங்களாக்கி முதுகில் சுமந்து பல தடவை நடக்கவேண்டும். கொம்பைத் தோளில் வைத்துக்கொண்டு புதர்களினூடே வருகிறவன், பார்ப்பவனுக்கு மானாகவே தோன்றுவான். ஆதலால் கொம்பின்மேல் ஆரஞ்சு நிறத் துணியைச் சுற்றிக் கட்டுவார்கள். கரடி உள்ள பிரதேசங்களில் இறைச்சியைத் தரையிலிருந்து 10 அடி உயரத்திலும் மரத்திலிருந்து 4 அடி தள்ளியும் தொங்கவிடுவது வழக்கம். ஒருவன் கூடாரத்தில் அசட்டையாகக் கிடக்கும் இறைச்சி, அடுத்த கூடாரத்துக்காரனிடமும் கரடியை அழைத்துவரும். மதுபானத்தைப்பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை: குடித்தவன் கையில் துப்பாக்கி இருக்கலாகாது.

கடைசியாக ஒன்று. மலையில் பனி திடீரென்று பெய்யும், வழி மறையும். புறப்படுமுன் எந்தப் பாதையில் போகிறோம், எப்பொழுது திரும்புவோம் என்று எழுதி ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போவது அங்குள்ள நல்ல பழக்கம். கொலராடோவில் ஒவ்வொரு வேட்டை லைசென்ஸ் கட்டணத்தோடும் ஒரு சிறு தொகை, காணாமற்போனவர்களைத் தேடிக் காக்கும் நிதிக்குச் சேருகிறது. தேடிச் செல்வோரில் பெரும்பாலார் சம்பளம் பெறாத தொண்டர்கள். நிதியிலிருந்து அவர்களுக்கு நேரும் செலவு ஈடு செய்யப்படுகிறது. எல்லாரும் சிறிதளவு செலுத்தி, ஆபத்துக்குள்ளான ஒருவனை மீட்கும் இந்த ஏற்பாட்டின் தத்துவத்தை உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. சீட்டு எழுதிக் கொடுத்துப் போனவன், திரும்பியவுடன் முதற் காரியமாகத் தான் வந்துவிட்ட செய்தியை அவரிடம் தெரிவிக்கவேண்டும். இல்லையேல், வீட்டில் போர்த்துப் படுத்து உறங்குகிறவனைத் தேடிக்கொண்டு ஊரார் பலர் இரவெல்லாம் பனியில் விளக்கோடு அலைவார்கள்.