மனசாட்சியின் உறுத்தலே!

(தலைப்பு: உடம்பைப் பெரிதும் கெடுப்பது வேலைப் பளுவா? மனசாட்சியின் உறுத்தலா? இடம்: நெய்வேலி)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! வேலைப் பளுதான் உடம்பைக் கெடுக்கிறது என்று மூச்சு வாங்கப் பேசிவிட்டு, இப்போது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பரே! (சிரிப்பு) முதல் ஷிப்ட் முடித்த அலுப்போடு வந்து உட்கார்ந்திருக்கிற நெய்வேலிப் பெருமக்களே!

எனக்கு முன்னால் பேசியவர் ஒரு பட்டியலே வாசித்தார். மூணு ஷிப்ட், ராத்திரி கண் விழிப்பு, மேலதிகாரி திட்டு, வீட்டுக்குப் போனா வீட்டம்மா திட்டு. இதனாலதான் பி.பி., இதனாலதான் வயித்துப் புண் என்றார். ராத்திரி ஷிப்ட் உடம்புக்கு நல்லதில்லை, ஒத்துக்கறேன். ஆனா ஐயா, பளு ஒண்ணுதான் காரணம்னா, இந்த நாட்டுல முதல்ல ஆஸ்பத்திரியில படுக்க வேண்டியது பெண்கள்தான். காலையில நாலரைக்கு எழுந்து, ராத்திரி பத்தரைக்கு அடுப்பைத் துடைச்சு வச்சுட்டுப் படுக்கப் போனா, "வீட்ல சும்மாதானே இருந்தே"ன்னு ஒரு குரல் வரும் பாருங்க... (சிரிப்பு, கைதட்டல்)

நான் இந்த ஊர்ப் பெண். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். எங்க அப்பா சுரங்கத்தில் பம்ப் ஆபரேட்டர். சின்ன வயசில் அவரிடம் கேட்டேன்: "ஏம்பா, நிலக்கரி வெட்டுற இடத்துல தண்ணிக்கு என்னப்பா வேலை?" அப்பா சொன்னார்: "அம்மாடி, சுரங்கத்துக்கு ஆபத்து மேல இருக்கிற மண்ணால மட்டும் இல்ல. நிலக்கரிக்குக் கீழே ஊற்று இருக்கு. அது கீழேயிருந்து முட்டிக்கிட்டே நிக்குது. ராப்பகலா இறைக்கலைன்னா, ஒரு நாள் தரையைப் பிளந்துக்கிட்டு மேல வந்துடும்."

உங்களுக்குத் தெரியாததா? 1957 மே 20-ஆம் தேதி நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில்தான் பழுப்பு நிலக்கரியைத் தொட்டார்கள். கீழே இருக்கிற நீரின் அழுத்தம், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ. இன்றைக்கும் இறைத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். நடுவர் அவர்களே, எதிரணியினர் மேலே இருக்கிற மண்ணைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் கீழே இருக்கிற ஊற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். (கைதட்டல்)

எங்க பெரியப்பா ஒரு ஓவர்சியர். வேறொரு ஊரில், ஒரு அலுவலகத்தில். பேர் வேண்டாம். ஒரு ரோட்டுக்கு ஆறு அங்குலம் ஜல்லி போடணும். போட்டது நாலு. "எம்.புக்குல ஆறுன்னு எழுதுய்யா" என்று மேலேயிருந்து சொன்னார்கள். எழுதினார். ஒரு பைசா வாங்கலை. பயத்தில் எழுதினார். அவ்வளவுதான் நடந்தது. யாரும் கேட்கலை, யாரும் பிடிக்கலை.

ஆனா அன்னையிலேருந்து மனுஷன் பஸ்ஸில் போனா, அந்த ரோடு வர்றதுக்கு ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கி, சுத்து வழியில் நடந்து வருவார். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து திண்ணையில் உட்காருவார். வயித்து வலின்னு ஆஸ்பத்திரிக்குப் போனார். எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லையே, மனசுல ஏதாவது கவலையா?" என்றார் டாக்டர். பெரியப்பா சிரிச்சிக்கிட்டே "வேலைப் பளு சார்" என்றார். நண்பரே, உங்க அணி அன்னைக்கே எங்க வீட்டுக்குள்ள வந்துடுச்சு! (சிரிப்பு)

அடுத்த வருஷம் இன்னொரு பில் வந்தது. அதே நாலு அங்குலம், அதே உத்தரவு. இந்தத் தடவை நாலை நாலுன்னே எழுதினார். என்ன ஆச்சு? தூர தேசத்துக்கு மாற்றல். வர வேண்டிய பதவி உயர்வு மூணு வருஷம் தள்ளிப் போச்சு. எங்க அக்கா கல்யாணம் தள்ளிப் போச்சு. பெரியம்மா ரெண்டு வருஷம் அவரோட முகம் கொடுத்துப் பேசலை. நேர்மையா இருந்தா உடனே பூ மாரி பொழியும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். வயித்து வலி போச்சான்னு கேட்டீங்கன்னா, முழுசாப் போகலை. மாத்திரை சாப்பிட்டுக்கிட்டுதான் இருந்தார். ஆனா தூங்கினார். லீவுல வந்தப்போ, அந்த ரோட்டு வழியா பஸ்ஸில் நேரா வந்து நம்ம ஸ்டாப்பிலேயே இறங்கினார். (பலத்த கைதட்டல்)

கவனியுங்கள். மாற்றலான ஊரில் அவருக்கு வேலை கூடியது. அலைச்சல் கூடியது. தூக்கமும் கூடியது! பளுதான் நோய் என்றால் இந்தக் கணக்கு எப்படி வரும்?

ஒரு வீட்டுக் கதையை வைத்துத் தீர்ப்புக் கேட்கிறாள் என்று நினைக்காதீர்கள். லண்டனில் 1967-இல் அரசு ஊழியர்கள் ஏறக்குறைய பதினெட்டாயிரம் பேரை வைத்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். வொயிட்ஹால் ஆய்வு என்று பெயர். பெரிய பொறுப்பு, பெரிய முடிவு எல்லாம் மேலதிகாரிக்குத்தானே? அவருக்குத்தானே மாரடைப்பு வரணும்? வரவில்லை. அடிமட்டத்தில் இருந்தவர்களிடையே, உச்சியில் இருந்தவர்களைப்போல் சுமார் மூன்று மடங்கு இதய நோய்ச் சாவு. சிகரெட்டைக் கழித்துப் பார்த்தார்கள், கொழுப்பைக் கழித்துப் பார்த்தார்கள், மிச்சம் நின்றது. 1985-இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில் ஒரு பெரிய காரணம் தெரிந்தது. தன் வேலையின் மேல் தனக்கே பிடி இல்லாதவர்களுக்கு இதய நோய் அதிகம். "இது இப்படித்தான் செய்யணும்"னு தனக்குத் தெரியும், சொல்ல முடியாது. "வேண்டாம்"னு தோணும், வாய் வராது. உறுத்தல் பிறக்கிற இடமே அதுதான் ஐயா!

அமெரிக்காவில் ஆண்ட்ரூ ஜேம்டன் என்ற தத்துவப் பேராசிரியர், 1984-இல் நர்சுகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். எது சரி என்று நர்சுக்குத் தெரியும். ஆனால் ஆஸ்பத்திரியின் ஏற்பாடு அதைச் செய்ய விடாது. அப்போது வருகிற வேதனைக்கு 'அறவேதனை' என்கிற பொருளில் ஒரு பெயர் வைத்தார். அதுவரை அதைக் களைப்பு என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தோம்!

பெயர் வைக்க 1984 வரை காத்திருக்க வேண்டுமா? நம்ம பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாருங்கள். சிம்மாசனத்தில் இருக்கிறான். அவன் உடம்பில் ஒரு கத்தி படவில்லை, ஓர் அம்பு தைக்கவில்லை. ஒரு சிலம்பு உடைந்தது, ஒரு மாணிக்கப் பரல் தெறித்தது, தான் கொடுத்த தீர்ப்பு தப்பு என்று தெரிந்தது. உயிர் போய்விட்டது! அரசாங்கம் நடத்திய வேலைப் பளுவில் செத்தான் என்று எதிரணியினர் சொல்வார்களா? (சிரிப்பு, கைதட்டல்)

இப்போது நம்ம ஊருக்கு வருகிறேன். கொஞ்சம் கனமான விஷயம். 2023 ஜூலையில், பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்டுவதற்காக, வளையமாதேவிப் பக்கம் விளைந்து நின்ற நெல் வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கியதை டி.வி.யில் பார்த்தோம். நிலம் முன்பே எடுத்த நிலம் என்றது நிறுவனம். பயிர் நிற்கிறதே என்றார் விவசாயி. அந்த வழக்குக்குத் தீர்ப்பு சொல்ல நான் வரவில்லை. நிலக்கரி இல்லாமல் இந்த மேடையில் இந்த விளக்கு எரியாது. அதுவும் எனக்குத் தெரியும். நான் கேட்பது வேறு. அந்த மண்வெட்டி இயந்திரத்தின் மேல் உட்கார்ந்து ஓட்டினாரே ஒரு தொழிலாளி, அவரும் யாரோ ஒரு விவசாயி பெற்ற பிள்ளைதானே? அன்றைக்கு ராத்திரி அவருக்குச் சோறு இறங்கியிருக்குமா? அந்தத் தட்டில் இருந்ததும் நெல்தானே! (அரங்கில் அமைதி, பிறகு கைதட்டல்)

கூப்பிடு தூரத்தில் வடலூர். பயிர் காய்ந்தால் தன் உடம்பு நோகும் என்ற வள்ளலார், 1867-இல் பசித்தவருக்காக அடுப்பு மூட்டிய ஊர். இந்த மண்ணில் பிறந்தவனுக்கு அந்த வேதனை வரத்தான் செய்யும். அவரை அனுப்பியவர் அதே ராத்திரி என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் மேலே ஒருத்தர் இருப்பார்.

எதிரணியில் அடுத்துப் பேசப்போகிற அம்மா கையில் ஒரு சீட்டு வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியும், அதில் காந்தி இருக்கிறார். (சிரிப்பு) நானே சொல்லிவிடுகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019-இல் காந்தியடிகளின் உடல்நலக் குறிப்புகளை வெளியிட்டது. 1940 பிப்ரவரியில் அவருடைய ரத்த அழுத்தம் 220/110! "மனசாட்சிப்படி நடந்தவருக்கே இவ்வளவு பி.பி.யா?" என்று கேட்கப் போகிறார்கள். நல்ல கேள்விதான். நேர்மை தடுப்பூசி இல்லை அம்மா. ரத்த அழுத்தத்துக்குப் பரம்பரை உண்டு, வயசு உண்டு, உப்பு உண்டு. நேர்மையாளருக்கும் நோய் வரும். நான் யோக்கியன்னு மாத்திரையை நிறுத்திட்டு வந்துடாதீங்க. பழி என் மேல விழும். (சிரிப்பு) அதேபோல, நோயாளியைப் பார்த்து, "நீ என்ன பாவம் செஞ்சியோ"ன்னு கேட்கிறவன் என் அணியில்லை. அது ஒழுக்கம் இல்லை, கொடுமை.

நான் சொல்வது இவ்வளவுதான். மனசுக்குப் பிடிச்ச காரியத்துக்காகச் சுமக்கிற பளு வேறு. மனசுக்கு ஆகாத காரியத்தைச் செய்துவிட்டுச் சுமக்கிற பளு வேறு. முதல் பளுவை இறக்கி வைத்தால் உடம்பு ஓய்வு எடுக்கும். இரண்டாவதை இறக்கி வைக்க இடமே கிடையாது. படுத்தால் அதுவும் கூடப் படுக்கும்.

2005-இல் கலிபோர்னியாவில் டேவிட் க்ரெஸ்வெல் என்பவரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை நடத்தினார்கள். மனிதனுக்குச் சட்டென்று பதற்றம் உண்டாக்க அவர்கள் கையாண்ட வழி என்ன தெரியுமா? முகத்தைக் கடுகடுவென்று வைத்திருக்கிறவர்கள் முன்னால் மேடைப் பேச்சு! (நடுவரைப் பார்க்கிறார். பலத்த சிரிப்பு) அதோடு மனக் கணக்கு. அதற்கு முன்னால் ஒரு பாதிப் பேரிடம், அவர்கள் வாழ்க்கையில் உயர்வாக மதிக்கிற ஒன்றைப் பற்றிக் கேள்வி கேட்டு நினைத்துப் பார்க்க வைத்தார்கள். மற்றவர்களுக்கு அப்படியில்லை. தன் மதிப்பை நினைத்துப் பார்த்தவர்களுக்குப் பதற்றத்தில் சுரக்கிற கார்ட்டிசால் குறைவாக இருந்தது. வெறுமே நினைத்ததற்கே இந்தப் பலன் என்றால், அதன்படி நடந்தால்?

சரி, நடக்க முடியாதவன் என்ன செய்வான்? காண்ட்ராக்ட் தொழிலாளி 'முடியாது' என்று சொன்னால் நாளைக்கு அடுப்பு எரியாது. அவனிடம் போய் மனசாட்சியைப் பற்றிப் பாடம் நடத்த எனக்கு யோக்கியதை இல்லை. அவனுக்கு நம்ம ஊரே வழி சொல்லுது. சிவபுரம் நடராஜர் கோயிலில் ஒரு மனுநீதி முறை மன்றம் இருக்கிறது. மனசில் இருக்கிறதைத் தாளில் எழுதி, பெட்டியில் போட்டு, ஆராய்ச்சி மணியை அடித்துவிட்டு வருகிறார்கள். சாமி படிக்கிறாரா என்பது அவரவர் நம்பிக்கை. ஆனால் எழுதியவன் படித்துவிட்டான், இல்லையா? 1986-இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியல் அறிஞர், மாணவர்களை நாலு நாள், நாளுக்குக் கால் மணி நேரம், மனசை அழுத்துகிற அனுபவத்தை உணர்ச்சியோடு எழுதச் சொன்னார். பிறகு ஆறு மாசத்தில் அவர்கள் டாக்டரைத் தேடிப் போனது குறைந்தது. அதுதான் அப்பா சொன்ன பம்ப்! உள்ளே முட்டுகிற தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா வெளியே இறைக்கணும். எழுதி இறைக்கலாம். கூட வேலை பார்க்கிற நண்பனிடம் பேசி இறைக்கலாம். அடுத்த பில்லில் நாலை நாலென்று எழுதி இறைக்கலாம்.

அதிகாரத்தில் இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்குக் கீழே இருக்கிறவன் 'இது சரியில்லை சார்' என்று சொன்னால், காது கொடுங்கள். பழி வாங்காதீர்கள். நீங்கள் நடத்துகிற இலவச மருத்துவ முகாமைவிட அது பெரிய மருத்துவம். (பலத்த கைதட்டல்)

(மணி ஒலிக்கிறது)

நடுவர் மணி அடித்துவிட்டார். அது நேரம் முடிந்த மணி. எல்லாருக்குள்ளேயும் ஓர் ஆராய்ச்சி மணி இருக்கிறது. அது அடிக்கும்போது, "வேலைப் பளு சார்"னு சொல்லி அடக்கிவிடாதீர்கள். ஒரு ஸ்டாப் முன்னாடி இறங்கி எத்தனை நாள் சுத்தி நடப்பீங்க? எனவே, உடம்பைப் பெரிதும் கெடுப்பது மனசாட்சியின் உறுத்தலே என்று தீர்ப்பு வழங்கும்படி நடுவரைக் கேட்டுக்கொண்டு, அமர்கிறேன்.