மீனவர் கண்ணில் இருக்கும் கணக்கு

(ஆற்றுப் பாசன உழவர்களுக்கான பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)



வயலில் பயிர் எப்படி நிற்கிறது என்பதை வரப்பில் நின்றே சொல்லிவிடலாம். தொழுவத்தில் மாடு எத்தனை என்று கேட்டால் சிறு பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் ஆற்றில் ஒரு வகை மீன் எத்தனை இருக்கிறது என்று கேட்டால் யார் சொல்வது? நீருக்கு அடியில் இருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் அது குறைந்து வருவதும் தெரிவதில்லை. அற்றுப்போன பிறகே "முன்பெல்லாம் இங்கே இருந்தது" என்று பேசிக்கொள்கிறோம்.

இந்தக் கணக்கு ஓரளவுக்கு மீனவர் கண்ணில் இருக்கிறது. அதை எப்படிக் கேட்டு வாங்குவது, எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் கூற விரும்புகிறேன்.

அமேசான் ஆற்றின் அரபைமா

தென் அமெரிக்காவில் பிரேசில் நாட்டின் அமேசான் ஆற்றுப் படுகையில் அரபைமா என்றொரு மீன் உண்டு. அந்நாட்டு மக்கள் இதைப் பிராருகூ என்பர். செதில் உள்ள நன்னீர் மீன்களில் உலகிலேயே மிகப் பெரியவற்றுள் இதுவும் ஒன்று. 3 மீட்டர் நீளமும் 200 கிலோ எடையும் வரை வளரக்கூடியது.

இம்மீனின் குணம் உங்களுக்குப் புதிதல்ல. நம் குளத்து விரால் அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கிச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். அரபைமாவும் அப்படியே. நீரில் கரைந்துள்ள காற்று மட்டும் அதற்குப் போதாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தே தீர வேண்டும். விராலைப் போலவே குஞ்சுகளைக் கூட்டமாக வைத்துக் காக்கும் வழக்கமும் இதற்கு உண்டு. மேலே வரும்போது ஈட்டி எறிந்து பிடிப்பது அங்குள்ள மீனவரின் பழைய முறை.

மூச்சு விட மேலே வருவதே இம்மீனுக்கு எமனாயிற்று. பெரிய மீன்கள் அகப்பட்டுக் குறைந்தன. 1996-ஆம் ஆண்டு அமசோனாஸ் மாநில அளவில் அரபைமா பிடிக்கத் தடை வந்தது. ஆனால் பரந்த காட்டாற்றுப் பகுதியில் தடையைக் காவல் காப்பது எளிதன்று. திருட்டுத்தனமாகப் பிடிப்பது நிற்கவில்லை.

மீனவரே எண்ணினர்

இந்த நிலையில் மாமிராவா என்ற காப்பகப் பகுதியில் வேறொரு வழி பிறந்தது. மீனைக் கொல்வதற்கு உதவிய அதே அறிவு, மீனை எண்ணுவதற்கும் உதவாதா என்று மீனவரும் ஆய்வாளரும் சேர்ந்து பார்த்தனர்.

முறை எளியது. ஆற்றில் நீர் வடிந்து ஏரிகள் தனித்தனியே நிற்கும் பருவத்தில் எண்ணிக்கை நடக்கும். ஒரு மீனவர் படகில் அமர்ந்து, ஏறத்தாழ 2 எக்டர் வரையுள்ள நீர்ப்பரப்பை 20 நிமிடம் கவனிப்பார். அதற்குள் அங்குள்ள அரபைமா மேலே வந்து போகும். ஒரு மீட்டருக்குக் குறைந்த மீனைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் வரை இளமீன். அதற்கு மேல் பெரிய மீன். இப்படி இரண்டு பத்தியாகக் குறித்துக்கொள்வர். பெரிய ஏரியானால் பலர் வரிசையாகப் பிரிந்து நின்று, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை எண்ணிக்கொண்டே நகர்வர்.

ஒரே மீனை இருமுறை எண்ணிவிட மாட்டார்களா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கைதேர்ந்த மீனவர் முதுகின் அளவு, நிறம், நீர் சுழலும் விதம், காற்றை விழுங்கும் ஓசை ஆகியவற்றைக் கொண்டு மீனுக்கு மீன் வேறுபாடு காண்கிறார். மந்தையில் தன் ஆட்டை அடையாளம் காணும் இடையரை நாம் சந்தேகிப்பதில்லை அல்லவா?

சோதித்த விதம்

ஆயினும் ஆய்வாளர் சொல்லை அப்படியே ஏற்கவில்லை. மீன் கணக்கெடுக்க ஒரு பழைய முறை உண்டு. ஓர் ஏரியில் 100 மீனைப் பிடித்து அடையாள வில்லை மாட்டி விடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். சில நாள் கழித்து 50 மீன் பிடித்ததில் 10 மீனில் வில்லை இருந்தால், ஐந்தில் ஒன்று நம் மீன். ஆகவே ஏரியில் ஏறத்தாழ 500 மீன் உண்டு.

லியாண்ட்ரோ காஸ்டெல்லோ என்ற ஆய்வாளர் இந்த முறையில் கிடைத்த கணக்கையும் மீனவர் கண்ணால் எண்ணிய கணக்கையும் ஒப்பிட்டு 2004-இல் வெளியிட்டார். இரண்டும் மிக நெருங்கி வந்தன. செலவும் காலமுமோ மீனவர் முறையில் பன்மடங்கு குறைவு. எல்லா மீனவரும் ஒரே அளவுக்குச் சரியாக எண்ணுவதில்லை என்பதும் தெரிய வந்தது. எனவே தேர்ந்தவரைக் கொண்டு மற்றவருக்குப் பயிற்சி தரப்பட்டது.

பலன் என்ன?

1999-இல் மாமிராவாவில் கட்டுப்பாட்டுடன் மீன்பிடிப்பு தொடங்கியது. எண்ணிய பெரிய மீன்களில் 30 சதவீதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது. ஒன்றரை மீட்டருக்குக் குறைந்ததைத் தொடக் கூடாது. டிசம்பர் முதல் மே வரை இனப்பெருக்கக் காலத்தில் பிடிக்கவே கூடாது. 2006-ஆம் ஆண்டுக்குள் அங்கு மீன் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்பது மடங்காகியது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எண்ணிச் சொன்ன மீனவருக்கே பிடிக்கும் உரிமையும் கிடைத்தது. மெய்யான கணக்கு தந்தால் தமக்கே நன்மை என்று அவர்கள் கண்டார்கள். ஆகவே ஏரியைக் காவலும் காத்தார்கள்.

நம் காவிரிப் படுகையில்

இனி நம் பக்கம் வருவோம். காவிரிப் படுகையில் மகசீர் என்னும் பெரிய கெண்டை இனத்தில், முதுகில் திமில் போன்ற மேடு உள்ள வகை ஒன்று உண்டு. 50 கிலோவுக்கும் மேல் வளர்ந்த மீன் அது. காவிரியின் கர்நாடகப் பகுதியில் தூண்டிலில் பிடித்த மகசீரை எடை போட்டு, குறித்து, ஆற்றிலேயே விட்டுவிடும் முகாம் ஒன்று இருந்தது. 1998 முதல் 2012 வரையிலான அந்தக் குறிப்பேடுகளை ஆய்வாளர் பின்னர் ஆராய்ந்தனர். மகசீர் மொத்தத்தில் கூடியிருந்தது. ஆனால் கூடியது வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலத் துடுப்பு வகை. திமில் வகையோ அருகிப் போயிருந்தது. மொத்தக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் எல்லாம் நலம் என்றே எண்ணியிருப்போம்.

இந்தத் திமில் மகசீர் எந்த இனம் என்பது 2018-இல்தான் அறிவியல் முறையில் உறுதியாயிற்று. டோர் ரெமாதேவி என்பது அதன் பெயர். அதே ஆண்டில் அற்றுப்போகும் அபாயம் மிக அதிகமுள்ள இனமாகவும் அது பட்டியலில் சேர்ந்தது. அதன் உறைவிடமாக மிஞ்சிய இடங்களுள் மாயாறு முக்கியமானது. ஆற்றோரத்தார் நெடுங்காலம் கண்ட மீனுக்கு ஏட்டில் பெயர் கிடைத்தபோது, ஆற்றில் மீன் ஏறக்குறைய இல்லை.

கேட்கும் முறை

நான் தொழிலுக்கு வந்த புதிதில் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். அச்சிட்ட படிவத்தோடு ஆற்றோர ஊர்களுக்குப் போய், "இந்த மீன் குறைந்துவிட்டதா?" என்று கேட்டேன். எல்லாரும் "ஆமாம்" என்றார்கள். கடைசியில் ஒரு முதியவர், "ஐயா, நீங்கள் விடையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். எந்த மடுவில் எந்த மாதம் என்று கேளுங்கள், சொல்கிறேன்" என்றார். அன்றுதான் கேட்கக் கற்றுக்கொண்டேன்.

ஆற்றோர உழவர்களும் ஊர் இளைஞர்களும் இதைச் செய்யலாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

1. மீனின் ஊர்ப் பெயரை ஊரார் சொல்லும்படியே எழுதுங்கள். நிறம், செதில், மீசை, வாய் அமைப்பையும் சேர்த்துக் குறியுங்கள். ஒரே பெயரில் இரண்டு மீன் இருக்கலாம்.

2. கடைசியாகப் பார்த்தது எப்போது என்று கேளுங்கள். ஆண்டு நினைவில்லை என்றால் 1977 வெள்ளத்துக்கு முன்பா, 2005 வெள்ளத்துக்குப் பின்பா என்று கேட்டால் நினைவு வரும்.

3. கோடையில் நீர் வற்றாத மடு எது, சினை மீன் எந்த மாதம் ஏறுகிறது என்று கேளுங்கள்.

4. தாமே கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் தனித்தனியே எழுதுங்கள்.

5. பலரைச் சேர்த்து வைத்துக் கேட்காமல் ஒவ்வொருவராகக் கேட்டு ஒப்பிடுங்கள். பெண்களையும் கேளுங்கள், சந்தைக்கு எந்த மீன் வரவில்லை என்பது விற்பவருக்கு நன்கு தெரியும்.

ஓர் எச்சரிக்கை. அரிய மீன் கிடக்கும் மடுவைக் கண்டவரிடமெல்லாம் சொல்லிவிடாதீர்கள். ஒரே இரவில் தோட்டா போட்டோ நஞ்சு கலந்தோ அள்ளிவிடுவார்கள். அந்தக் குறிப்பை மீன்வளத் துறையினரிடமோ பல்கலைக்கழக ஆய்வாளரிடமோ நேரில் கொடுங்கள். கொடுக்கும்போது, சொன்ன மீனவருக்கு என்ன நன்மை என்றும் கேளுங்கள். அப்படிக் கேட்பது தவறல்ல.

முதியவர் ஒருவர் மறைந்தால் அவர் அறிந்த மடுவும் மீனும் அவரோடு போய்விடுகின்றன. இந்தக் கோடையில் உங்கள் ஊரில் மூத்த மீனவர் ஒருவரோடு ஆற்றங்கரையில் அரை நாள் இருந்து, அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள் என்று கேட்டு என் உரையை முடிக்கிறேன்.