ஆடுகளமும் நீதிமன்றமும்: லிவர்பூல் இரசிகர்கள் கற்ற பாடம்

(பிரித்தானியாவில் நடைபெற்ற தமிழ் இளையோர் விளையாட்டு விழாவொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பெரியோர்களே, பெற்றோர்களே, காலை முதல் மழையிலும் சேற்றிலும் விளையாடிக் களைத்திருக்கும் இளையோர்களே! பரிசளிப்புக்கு முன்னர் பத்து நிமிடங்கள் பேசுமாறு ஏற்பாட்டாளர்கள் என்னைப் பணித்தார்கள். கல்வியைப் பற்றியோ ஒழுக்கத்தைப் பற்றியோ பேசுவேன் எனப் பெற்றோர் எதிர்பார்த்திருக்கக் கூடும். நான் உதைபந்தாட்டத்தைப் பற்றியே பேசவிருக்கிறேன். அதிலும் ஆடுகளத்தைவிட நீதிமன்றத்தில் நிகழ்ந்ததையே அதிகம் பேசுவேன்.

2010 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் எங்கள் வீட்டில் பெரும் வாக்குவாதம் ஒன்று நிகழ்ந்தது. ஒரு பக்கம் நான். மறுபக்கம் என் தமக்கையின் மகன். அவனுக்கு அப்போது பதினாறு வயது. லிவர்பூல் கழகத்தின் தீவிர ஆதரவாளன். லண்டனில் பிறந்த பிள்ளைக்கு லிவர்பூலில் என்ன அலுவல் என்று நீங்கள் கேட்கலாம். அவனுடைய தந்தை 1980களில் இந்நாட்டில் வந்திறங்கியபோது தொலைக்காட்சியில் வென்றுகொண்டிருந்த அணி அதுதான். கையில் எதுவும் கொண்டுவராத மனிதர் தம் பிள்ளைக்குக் கொடுத்த முதுசம் அது.

அந்த முதுசம் அவ்வேளையில் பெரும் அவமானமாக மாறியிருந்தது. செப்டெம்பர் 22 ஆம் நாள், நான்காம் நிலைப் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த நோர்தாம்டன் அணியிடம் லிவர்பூல் தன் சொந்த மைதானத்தில் தண்டனை உதைகளில் தோற்றது. ஒக்ரோபர் 3 ஆம் நாள், பிரீமியர் லீக்கிற்குப் புதிதாக வந்திருந்த பிளக்பூல் அணியிடம் 1-2 எனத் தோற்றுப் பதினெட்டாம் இடத்திற்கு இறங்கியது. 2008-09 பருவத்தில் 86 புள்ளிகளுடன் இரண்டாம் இடம் பெற்ற அணி இது!

பயிற்றுநர் ரொய் ஹொட்ஜ்சன் பொருத்தமற்றவர், ஆட்டக்காரர்கள் ஓடவில்லை என்பதே என் வாதம். மருமகன் மறுத்தான். "மாமா, நீங்கள் ஆட்டத்தை மட்டும் பார்க்கிறீர்கள். கணக்கறிக்கையைப் பார்க்கவில்லை" என்றான். பாடப் புத்தகத்தையே திறக்கத் தயங்கும் பிள்ளை கணக்கறிக்கை என்ற சொல்லை உச்சரித்தது எனக்கு வியப்பாக இருந்தது. ஆனால் அவன் அதை வாசித்திருந்தான்.

நடந்தது இதுதான். 2007 பெப்ரவரியில் ரொம் ஹிக்ஸ், ஜோர்ஜ் ஜில்லெற் என்னும் இரு அமெரிக்கச் செல்வந்தர்கள் கழகத்தை வாங்கினார்கள். கழகத்தின் பழைய கடனையும் சேர்த்து விலை ஏறத்தாழ 219 மில்லியன் பவுண்கள். அந்தப் பணத்தின் பெரும்பகுதி ஸ்கொட்லாந்து றோயல் வங்கியிடம் பெற்ற கடன். நம்மவர்களுக்கு வீட்டுக்கடன் என்றால் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருவர் கடனெடுத்து வீடு வாங்குகிறார். வட்டியைக் குடியிருப்பவரே கட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்கிறார். கூரை ஒழுகினாலும் திருத்த மிச்சமில்லை. லிவர்பூல் கழகம் அந்தக் குடியிருப்பாளராக ஆனது. 2009 யூலையுடன் முடிந்த ஆண்டில், கழகத்தை வைத்திருந்த தாய் நிறுவனத்தின் வட்டிச் செலவு மட்டும் சுமார் 40 மில்லியன் பவுண்கள். அதே கோடையில் நடுக்கள வீரர் சாபி அலொன்சோ ஸ்பெயினின் ரியல் மட்ரிட் கழகத்திற்கு விற்கப்பட்டதில் கிடைத்தது ஏறத்தாழ 30 மில்லியன். ஒரு சிறந்த ஆட்டக்காரரை விற்றும் ஓராண்டு வட்டிக்குப் போதவில்லை. வாக்களிக்கப்பட்ட புதிய மைதானமும் எழவில்லை.

அதற்காகப் பழி முழுவதையும் உரிமையாளர்மீது போடுவதும் நேர்மையன்று. அலொன்சோவின் இடத்திற்குக் காயத்தோடு இருந்த அக்குவிலானியை வாங்கியது வங்கியின் முடிவன்று. நோர்தாம்டனிடம் தோற்பதற்குக் கடன் காரணமாகாது. இன்றும் நான் அதில் பிடிவாதமாகவே இருக்கிறேன்.

இரசிகர்கள் என்ன செய்தார்கள்? 2008 சனவரி இறுதியில், அன்ஃபீல்ட் மைதானத்தின் அருகிலுள்ள சாண்டன் விடுதியில் கூடி, 'ஸ்பிரிட் ஒவ் ஷாங்க்லி' என்னும் இரசிகர் சங்கத்திற்கு அடித்தளம் இட்டார்கள். அவ்விடத்திற்கு ஒரு வரலாறு உண்டு. அந்த விடுதி ஒரு காலத்தில் ஜோன் ஹோல்டிங் என்னும் மதுவடிசாலை முதலாளிக்குச் சொந்தமாக இருந்தது. அன்ஃபீல்டில் அந்நாளில் ஆடிய எவர்ட்டன் கழகத்தினர் அவரோடு வாடகைப் பிணக்குப்பட்டு 1892 இல் வெளியேறினார்கள். வெறுமையான மைதானத்தை நிரப்ப அவர் தொடங்கியதே லிவர்பூல் கழகம். உரிமையாளருடன் எழுந்த சண்டையிற் பிறந்த கழகம் அது!

2010 ஏப்ரலில் கடன் நீடிப்புக்கு நிபந்தனையாக, மார்ட்டின் புறோட்டன் என்பவரைத் தலைவராக ஏற்கவும், பணிப்பாளர்களை நியமிக்கும் நீக்கும் அதிகாரத்தை அவரிடமே விடவும் உரிமையாளர்கள் எழுத்தில் இணங்கினர். ஒக்ரோபர் 15 ஆம் நாள் கடன் தவணை முடிவு. தவறினால் ஒன்பது புள்ளிகள் பறிபோகும் என்ற அச்சம் நிலவியது. அவ்வாண்டின் தொடக்கத்திலேயே போர்ட்ஸ்மவுத் கழகம் கடனில் மூழ்கி அத்தண்டனையைப் பெற்றிருந்தது. தமக்கு விருப்பமில்லாத விலைக்குக் கழகம் விற்கப்படவிருப்பதை அறிந்த ஹிக்ஸ், ஒக்ரோபர் 5 ஆம் நாள் இரு பணிப்பாளர்களை நீக்கித் தம் மகனையும் தம் நிறுவன அதிகாரி ஒருவரையும் அமர்த்த முயன்றார்.

வழக்கு லண்டன் உயர் நீதிமன்றத்திற்குச் சென்றது. தாம் கையெழுத்திட்ட உடன்பாட்டை உரிமையாளர்களே மீறினர் என நீதிபதி ஃபுளோய்ட் 13 ஆம் நாள் தீர்ப்பளித்தார். வாசலில் நின்ற இரசிகர்கள் பாடினார்கள். அன்றிரவே ஹிக்ஸ் தரப்பு அமெரிக்காவின் டலஸ் நகர நீதிமன்றத்தில் தடையுத்தரவு பெற்றது. மறுநாள் லண்டன் நீதிபதி அதை மீளப்பெறப் பணித்தார். தடை நீங்கி, 15 ஆம் நாள் 300 மில்லியன் பவுண்களுக்கு விற்பனை நிறைவேறியது. அந்த மூன்று நாட்களும் மருமகன் ஒரு சட்டத்தரணியைப் போல எங்களுக்கு விளக்கம் அளித்துக்கொண்டிருந்தான்.

17 ஆம் நாள் எவர்ட்டனுடன் ஆட்டம். லிவர்பூல் 0-2 எனத் தோற்றது. "உன் நீதிபதி ஒரு கோலும் அடிக்கவில்லையே!" என்றேன். அவன் சிரிக்கவில்லை. ஹொட்ஜ்சன் 2011 சனவரியில் விலகும்வரை என் பக்கமும் சிறிது நியாயம் இருந்தது. பிரீமியர் லீக் பட்டத்திற்காகவோ 2020 வரை காத்திருக்க நேர்ந்தது.

புதிய உரிமையாளர்களும் தேவர்கள் அல்லர். 2016 பெப்ரவரியில் 77 பவுண் நுழைவுச்சீட்டை அறிவித்தார்கள். சண்டர்லண்டுடனான ஆட்டத்தின் 77 ஆவது நிமிடத்தில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் எழுந்து வெளியேறினர். அப்போது 2-0 என முன்னிலையில் இருந்த அணி 2-2 எனச் சமன் செய்தே முடித்தது. சில நாட்களில் விலையேற்றம் கைவிடப்பட்டது. 2021 ஏப்ரலில் ஐரோப்பிய சூப்பர் லீக்கில் சேரப்போவதாக அறிவித்து, எதிர்ப்புக் கண்டு இரண்டே நாட்களில் பின்வாங்கி, மன்னிப்பும் கேட்டார்கள்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒன்று. அந்த வாக்குவாதம் நடந்த மறுவருடம் மருமகன் தன் தம்பி பயிலும் தமிழ்ப் பள்ளியொன்றின் ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்கு வந்தான். பேச்சுகள் முடிந்து தேநீர் பரிமாறும் வேளையில் எழுந்து, "கணக்கறிக்கை எங்கே? யாப்பின்படி பொதுக்கூட்டத்தில் வாசிக்க வேண்டுமே?" எனக் கேட்டான். மண்டபம் அமைதியாயிற்று. செயலாளர் முகம் சிவந்தார். "சின்னப் பிள்ளைக்கு ஏன் இந்தக் கதை" என்று பெரியவர் ஒருவர் அதட்டினார். நானும் அவனுடைய கையைப் பிடித்து இழுத்து அமர்த்தினேன். அன்று அப்படிச் செய்ததை எண்ணி இன்றும் வெட்கப்படுகிறேன்.

முன்வரிசையில் சிவப்புச் சட்டையணிந்த தம்பி ஒருவர், ஹொட்ஜ்சனைப் பற்றி நான் சொன்னபோதே கையுயர்த்தியதைக் கண்டேன். நேரமும் ஆகிறது. ஒலிவாங்கியை அவரிடம் கொடுங்கள்.