பெயர் பொறிக்காத உளி

கொழும்பு கொட்டாஞ்சேனையிலுள்ள பொன்னம்பலவாணேசர் ஆலயத்தை எடுப்பித்தவர் யாவர் என்று வினவினால், அங்குள்ளோர் தயங்காது விடை கூறுவர். தந்தையார் பொன்னம்பல முதலியார் அமைத்த கோயிலைக் கருங்கல்லாற் புதுக்கியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். ஆனால், நகரத்துக் கோயில்களில் விழாக்காலத்தே சுவாமி எழுந்தருளும் மர வாகனங்களைச் செதுக்கியவர் யாவர் என்று வினவினாலோ, பெரும்பாலும் மௌனமே விடையாகும். மயிலின் கழுத்தை வளைத்த கை எவருடையது? இடபத்தின் கண்ணைத் திறந்த உளி எவருடையது? கொடுத்தவர் பெயர் நிலைக்கிறது. செய்தவர் பெயர் மறைகிறது.

இது இன்று நேற்று வந்த வழக்கமன்று. ஆடி மாதத்திலே வேல் விழாத் தேர் காலி வீதியில் வெள்ளவத்தைப் பக்கமாக வரும்போது கொழும்பு மக்கள் தொழும் முருகனே, கண்டிக்கு அணித்தான எம்பெக்கையிற் கதிர்காமத் தெய்வமாக வழிபடப்படுகிறான். அத்தேவாலயம் 14ஆம் நூற்றாண்டில், கம்பளையில் ஆண்ட மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் காலத்தில் எழுந்தது. அதன் மேள மண்டபத்து மரத்தூண்களிலே பின்னிய கழுத்துடைய அன்னங்களும், இருதலைப் பறவையும், மற்போர் வீரரும், ஆடல் மகளிரும், சேய்க்குப் பாலூட்டும் தாயும் உயிர்பெற்று நிற்கின்றனர். மேலே, 26 கைமரங்களின் தலைகளை ஒரே பெரிய மர ஆணி பிணித்து நிறுத்துகிறது. இவ்வளவிற்கும் மரபு நமக்குத் தருவது தெல்மட மூலாசாரி என்னும் ஒரு பெயரே. மூலாசாரி என்பதோ தலைமைத் தச்சனுக்குரிய பட்டம். அவன் கீழிருந்து உளி பிடித்தோர் பெயரொன்றும் எஞ்சவில்லை.

கடல் கடந்த நாடுகளிலும் இந்நிலை உண்டு. ஜெர்மனியில், ரைன் நதிக்கரையிலுள்ள பிரைசாக் நகரத்துப் பெருங்கோயிலில், தேவமாதா முடிசூட்டப்பெறும் காட்சியை 1523 முதல் 1526 வரை மரத்திலே செதுக்கினான் ஒரு சிற்பி. தாடியும் ஆடையும் காற்றிற் சுழல்வனபோலத் தோன்றும் அப்பீடத்தைச் செய்தவனை உலகம் அறிவது 'எச். எல்.' என்ற இரண்டு எழுத்துக்களால் மட்டுமே. அவற்றை விரித்துப் பெயர் கூறிய அறிஞரிடையே இன்றும் ஒருமைப்பாடு இல்லை.

1877இல் கொழும்பிற் பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, கனிப்பொருள் ஆய்வுக்காக இலங்கையின் ஊர்களிற் சுற்றியவர். ஆங்காங்கே கம்மாளரின் தொழிலையும் கண்டறிந்து, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தம் பெருநூலை 1908இல் வெளியிட்டார். பழைய கலைஞன் தன்னைக் காட்டுவதற்காகக் கலை செய்யவில்லை. வழிபாட்டுக்கு வேண்டிய பொருளைச் செவ்வனே செய்வதே அவன் கருத்து என்பது அவர் தெளிவு.

அது உண்மையே. எனினும், பெயர் பொறியாமை கலைஞனின் அடக்கமாகலாம்; பெயர் கேளாமை நமக்குப் பெருமை ஆகாது. புது வாகனம் செய்விக்கும் கோயிலார், உபயகாரர் பெயரோடு ஆசாரியார் பெயரையும் ஊரையும் ஏட்டில் ஒரு வரி எழுதி வைத்தல் எளிது. நிறம் மங்கிய பழைய வாகனத்தை விறகோடு விறகாகத் தள்ளாமல் காத்தல் அதனினும் அவசியம். ஏனெனில், பெயரற்ற தச்சனுக்கு அந்த மரம் ஒன்றே வரலாறு. அதுவும் போய்விட்டால், அவன் இருந்தான் என்பதற்குச் சான்று வேறில்லை.